செவிலியர் கல்வியில் ஒட்டுதல் உணர்வு

ஒட்டுதல் உணர்வு என்பது, தாம் படிக்கும் வகுப்பில் தமக்கு ஓர் இடம் உண்டு, அங்குள்ளவர்கள் தம்மை ஏற்றுக்கொள்கிறார்கள், தம் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு என்று ஒரு மாணவர் உணரும் மனநிலையாகும். சொந்தமென உணர்தல் என்றும் இதைச் சொல்லலாம். எல்லாப் படிப்புக்கும் இது தேவையானது. செவிலியர் படிப்பில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வகுப்பில் ஐயம் கேட்கத் தயங்கிய மாணவி, நாளை வார்டிலும் கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர் படுக்கையில் இருக்கும் நோயாளி.

இக்கட்டுரை, ஒட்டுதல் உணர்வு என்றால் என்ன, செவிலியர் கல்வியில் அது ஏன் இன்றியமையாதது, திருநெல்வேலி போன்ற பகுதிகளில் அதைக் குலைப்பவை எவை, வகுப்பறையில் ஆசிரியர் அதை எவ்வாறு வளர்க்கலாம் என்பவற்றை விளக்குகிறது.

## பொருள்

திருநெல்வேலிப் பேச்சில் "எனக்கு அங்க ஒட்டவே மாட்டேங்கு" என்பார்கள். வேலைக்காக வெளியூர் போனவரும், மணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பெண்ணும் சொல்லும் சொல் அது. சோறு, தண்ணீர், படுக்கை எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று குறைகிறது என்பதே அதன் பொருள். அந்த ஏதோ ஒன்றைத்தான் கல்வியியல் ஒட்டுதல் உணர்வு என்று ஆராய்கிறது.

இதை நட்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டு நெருங்கிய தோழிகள் இருந்தும் வகுப்பில் அயலாராக உணரும் மாணவி உண்டு. அதிகம் பேசாத, தனியே இருக்க விரும்பும் மாணவர் தம் வகுப்பைத் தமதாக உணர்வதும் உண்டு. ஆகவே, கலகலப்பாக இருக்கிறாரா என்பது இதற்கு அளவுகோல் ஆகாது. "நான் இன்று வராவிட்டால் இங்கே யாராவது கவனிப்பார்களா? எனக்குப் புரியவில்லை என்றால் இங்கே சொல்ல முடியுமா?" ஒட்டுதல் உள்ள மாணவர் இவ்விரு கேள்விகளுக்கும் ஆம் என்பார்.

## ஆய்வுப் பின்னணி

அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாசுலோ 1943-இல் முன்வைத்த தேவைகளின் படிநிலையில், உணவு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அடுத்ததாக அன்பும் ஒட்டுதலும் வைக்கப்பட்டன. செவிலியர் பட்டயப் படிப்பின் முதலாண்டிலேயே இப்படிநிலை பாடமாக வருகிறது. நோயாளியின் தேவைகளை அறிவதற்காக அதைப் படிக்கிறார்கள். அதே படிநிலை அந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவருக்கும் பொருந்தும் என்பது அடிக்கடி மறந்துபோகிறது.

1993-இல் கேரல் குட்னோ என்பவர், பள்ளியில் பிறரால் ஏற்கப்படுவது, மதிக்கப்படுவது, சேர்த்துக்கொள்ளப்படுவது, துணை பெறுவது ஆகிய நான்கையும் உள்ளடக்கிய 18 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். 1995-இல் ராய் பாமெய்ஸ்டர், மார்க் லியரி ஆகிய இருவரும், ஒட்டுதல் மனிதரின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று என்று வாதிட்டனர். அடிக்கடி நிகழும் இணக்கமான பழக்கமும், நிலைத்து நீடிக்கும் அக்கறையும் சேர்ந்தால்தான் அத்தேவை நிறைவேறும் என்பது அவர்கள் கருத்து. ஒருநாள் வரவேற்பு விழா ஏன் போதாது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

செவிலிய மாணவர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தவர் ஆஸ்திரேலியாவின் டிரேசி லெவட்-ஜோன்ஸ். ஜூடித் லேத்லீன் என்பவருடன் சேர்ந்து அவர் 2008, 2009 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. பாதுகாப்பு, ஒட்டுதல், தன்மதிப்பு, கற்றல், திறமை என்று ஏறுவரிசையில் ஒரு படிக்கட்டை அவர்கள் காட்டினர். கற்றல் நான்காவது படி. ஒட்டுதல் அதற்கும் கீழே, இரண்டாவது படி. கீழ்ப்படி இல்லாமல் மேற்படியில் கால் வைக்க முடியாது என்பதே அதன் சாரம்.

## செவிலியர் கல்வியில் ஏன் முக்கியம்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உடலில் சர்க்கரை அளவு மிகுதல் 'ஹைப்பர்கிளைசீமியா'. குறைதல் 'ஹைப்போகிளைசீமியா'. வேகமாகச் சொல்லும்போது இரண்டுக்கும் இடையே ஓரெழுத்து வேறுபாடுதான் காதில் விழும். முன்னதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இன்சுலின். பின்னதற்கு உடனே தேவைப்படுவது குளுக்கோஸ். சர்க்கரை குறைந்து வியர்த்து நடுங்கிக் கிடப்பவருக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் ஒரு மாணவிக்கு, ஆசிரியர் சொன்னது ஹைப்பரா ஹைப்போவா என்று தெளிவாகவில்லை. கேட்கலாம். கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்ற பதிலும் முன்வரிசையின் சிரிப்பும் வரும் என்று அஞ்சுகிறார். கேட்காமலே விட்டுவிடுகிறார். பக்கத்துக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவரும் தவறாக எழுதியிருந்தால்? பள்ளிப் பாடத்தில் இப்படிப்பட்ட பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். செவிலியர் பணியில் வேறு ஒன்று போகும்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கிடைத்த முடிவு நேர்மாறானது. நல்ல குழுக்களிலேயே பதிவான பிழைகள் அதிகம். அங்கே பிழைகள் மிகுதியாக நடக்கவில்லை, மறைக்கப்படாமல் வெளியே சொல்லப்பட்டன என்று அவர் விளக்கம் கண்டார். 1996-இல் வெளியான இந்த ஆய்விலிருந்தே, பயமின்றிப் பேசக்கூடிய சூழல் குறித்த அவருடைய பிற்காலக் கருத்துகள் வளர்ந்தன.

"சிஸ்டர், நான் தப்பாப் போட்டுட்டேன்" என்று உடனே ஓடிவந்து சொல்லும் துணிவு வேலையில் சேர்ந்த அன்று திடீரென வருவதில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் பழகியதுதான் வார்டில் வெளிப்படுகிறது.

## தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாட்டில் செவிலியர் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் தொடங்கியது. அதே ஆண்டு டெல்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியதால், இந்தியாவில் நர்சிங் பட்டக் கல்வியின் தொடக்க ஆண்டாக 1946 கருதப்படுகிறது. 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் மாநில அளவில் பதிவு முறையையும், 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான தரத்தையும் கொண்டுவந்தன. இன்று இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயம், நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் ஆகிய படிப்புகள் உள்ளன.

தொடக்கக் காலத்தில் மிஷன் மருத்துவமனைகளில் பயின்ற மாணவியர் தொகை சிறியது. அவர்கள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒரே வார்டில் வேலை செய்தனர். ஒட்டுதல் அங்கே தானாக வளர வாய்ப்பு இருந்தது. இன்று வகுப்பில் 60 பேர், சில இடங்களில் 100 பேர் வரை இருக்கிறார்கள். பாதிப் பேர் கல்லூரிப் பேருந்தில் வந்து போகிறார்கள். தானாக வளர்ந்ததை இப்போது முயன்று வளர்க்க வேண்டியிருக்கிறது.

### திருநெல்வேலிப் பகுதி

திருநெல்வேலி மாநகராட்சியின் வடபுறம் இருக்கும் தச்சநல்லூரில் காலை நேரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், வெள்ளைச் சீருடையில் கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவியரைப் பார்க்கலாம். ஆற்றுக்கு அக்கரையில் பாளையங்கோட்டை இருக்கிறது. அங்கே 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை மக்கள் இன்றும் 'ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி' என்றே அழைக்கிறார்கள். அதைச் சுற்றியும் மாவட்டத்தின் பிற இடங்களிலும் அரசு, தனியார் நிறுவனங்களில் செவிலியர் படிப்பு நடக்கிறது.

இங்கே படிக்க வருபவர்கள் யார்? அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து ஆற்றுப் பாசன ஊர்களில் வயல் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகள். மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள். மானூர், சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து வருபவர்கள். பலர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை கல்லூரிக்குள் வர உதவுகின்றன. உள்ளே வந்தவரை அங்கே இருத்தி வைப்பது வகுப்பறையின் வேலை.

## ஒட்டுதலைக் குலைப்பவை

மொழி. பிளஸ் டூ வரை 'இதயத் துடிப்பு', 'சிறுநீரகம்' என்று படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி, முதல் வாரமே உடற்கூறியலை முழுவதும் ஆங்கிலத்தில் கேட்கிறார். நேற்று வரை கெட்டிக்காரப் பிள்ளை, இன்று முதல் எதுவும் தெரியாத பிள்ளை. அவருடைய அறிவு குறைந்துவிடவில்லை. அதை வெளிக்காட்டும் வழிதான் அடைபட்டது. ஆசிரியரும் சில நேரம் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்.

சாதி. இப்பகுதியில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தங்கள் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். இதையடுத்து ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. அக்குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, மாணவர்களை அகரவரிசைப்படி அமரவைத்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் சில. இப்பரிந்துரைகள் பள்ளிகளை நோக்கியவை. ஆனால் அந்தப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள்தாம் நர்சிங் வகுப்பிலும் அமர்கிறார்கள். "உங்களுக்கு எந்தத் தெரு?" என்ற சாதாரணக் கேள்வி என்ன கேட்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

பால். வார்டில் பெண் செவிலியரைச் 'சிஸ்டர்' என்றும் ஆண் செவிலியரைப் 'பிரதர்' என்றும் அழைப்பது வழக்கம். வகுப்பில் 50 பெண்களுக்கு நடுவே ஐந்தாறு ஆண்கள் இருப்பார்கள். பாடநூல் செவிலியரைப் பெண்ணாகவே பேசும். உறவினர் "ஆம்பளப்பய நர்சு வேலைக்கா போற?" என்பார்கள். மகப்பேற்று வார்டுப் பயிற்சியில் அவர்கள் ஒதுங்கி நிற்க நேரும்.

வீடும் ஊரும். இரவு டியூட்டி உள்ள வேலை என்பதால் பெண்ணை அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் உள்ளன. தொலைவிலிருந்து வந்து முதன்முதலாக விடுதியில் தங்குபவருக்கு வீட்டு ஏக்கம். தினமும் பேருந்தில் வருபவருக்கு, விடுதி மாணவியர் மாலையில் ஒன்றாகப் படிப்பதில் தமக்குப் பங்கில்லை என்ற குறை.

ஆசிரியரின் சொல். நெல்லைப் பேச்சில் 'ஏட்டி' என்ற விளி, சொல்பவரையும் தொனியையும் பொறுத்து அன்பாகவும் இருக்கும், இளக்காரமாகவும் இருக்கும். வகுப்பின் நடுவே, எல்லோர் முன்னும், "ஏட்டி, நீயெல்லாம் ஊசி போட்டா பேஷண்ட் பொழைப்பாரா?" என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். கேட்டவர் அன்று மாலையே மறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் பல ஆண்டுகள் மறக்கமாட்டார்.

## வகுப்பறையில் செய்யத்தக்கவை

இவற்றுக்குப் பெரிய செலவோ தனிக் கட்டடமோ வேண்டியதில்லை. நாள்தோறும் தவறாமல் செய்வதே இவற்றின் பலம்.

### பெயர்

வருகைப் பதிவில் "நாற்பத்திரண்டு" என்று எண்ணைக் கூப்பிட்டால் அரை நிமிடம் மிச்சமாகும். பெயரைக் கூப்பிட்டால் ஒரு மனிதர் எழுந்து நிற்பார். முதல் இரண்டு வாரங்களுக்குள் எல்லார் பெயரையும் சரியான உச்சரிப்போடு தெரிந்துகொள்வது ஆசிரியரின் முதல் வேலை. மேசையில் பெயர் எழுதிய அட்டையை மடித்து வைக்கச் செய்தால் எளிதாகும். நேற்று வராதவரிடம் "நேத்து ஏன் வரல?" என்று அதட்டுவதற்கும், "நேத்து உங்களைக் காணோமே, மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அடுத்த ஆண்டு நோயாளியைப் படுக்கை எண்ணால் அழைக்காதே, பெயர் சொல்லி அழை என்று கற்பிக்கப் போகிறோம். அதை இன்றே செய்து காட்டுவதுதான் பாடம்.

### இருக்கை

விரும்பிய இடத்தில் அமரவிட்டால், ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே சமூகம் என்று வகுப்பு தானாகப் பிரிந்துவிடும். அகரவரிசையில் தொடங்கி, மாதம் ஒருமுறை வரிசையைச் சுழற்றுவது நல்லது. பின்வரிசை யாருக்கும் நிலையானதாக இருக்கக் கூடாது. செய்முறை வகுப்புக்கு ஜோடி சேர்க்கும்போதும் இதே முறை வேண்டும். ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்து நாடி பார்த்து, இரத்த அழுத்தம் அளந்து, படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்துப் பழகும் படிப்பு இது. தொடுதலே பாடமாக இருக்கும் வகுப்பில், யார் யாருடன் ஜோடி சேர மறுக்கிறார் என்பதை ஆசிரியர் கவனிக்காமல் இருக்க முடியாது.

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிப்பது, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் உள்ளவங்க எழுந்திருங்க" என்று சொல்வது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். தனித்தனியே அழைத்தோ கைப்பேசியில் தெரிவித்தோ முடிக்கலாம்.

### மொழிப் பாலம்

பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் விளங்கிக்கொள்வது எந்த மொழியிலும் நடக்கலாம். முதலில் தமிழில் கருத்தை விளக்கி, பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, இறுதியில் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லச் செய்வது பயனுள்ள வரிசை.

மருத்துவச் சொற்களை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டுவது மற்றொரு வழி:

- 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மெதுவு. ஆகவே டாக்கிகார்டியா வேகமான இதயத் துடிப்பு, பிராடிகார்டியா மெதுவான இதயத் துடிப்பு.
- 'ஹைப்பர்' மிகுதி, 'ஹைப்போ' குறைவு.
- 'இட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் அறுவை செய்து அகற்றுதல். அப்பெண்டிசைட்டிஸ் நோய், அப்பெண்டிசெக்டமி அதற்கான அறுவை.

இவை கிரேக்க, லத்தீன் வேர்கள். ஆங்கில வழியில் படித்தவருக்கும் இவை புதியவையே. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், "அவங்களுக்கெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது" என்ற எண்ணம் பாதி கரைந்துவிடும்.

அடுத்தது, தமிழ் வழி மாணவரிடம் இருக்கும் செல்வத்தை வகுப்புக்குக் கொண்டுவருவது. நோயாளி ஆங்கிலத்தில் பேசமாட்டார். "நெஞ்சு கரிக்கி", "கெறக்கமா வருது", "நீர்க்கடுப்பா இருக்கு", "ஒரு பக்கம் கை கால் வெளங்கல" என்றுதான் சொல்வார். இதில் எது நெஞ்செரிச்சல், எது மயக்கம், எது சிறுநீர்த் தொற்றின் அறிகுறி, எது பக்கவாதமாக இருக்கக்கூடும் என்று பிரித்தறிவது செவிலியரின் அன்றாட வேலை. வாரம் ஒருமுறை, ஊர்ப் பேச்சில் நோயைச் சொல்லும் ஐந்து சொற்களை மாணவர்கள் கொண்டுவர, வகுப்பே சேர்ந்து மருத்துவச் சொல்லைக் கண்டுபிடிக்கலாம். அந்தப் பத்து நிமிடங்களில் கிராமத்து மாணவிதான் வகுப்பின் ஆசிரியை. அவருக்குத் தெரிந்தது பிறருக்குத் தேவைப்படுகிறது என்பதைவிட வலுவான ஒட்டுதல் வேறில்லை.

### கேள்வி கேட்கும் முறை

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் செய்த ஆய்வில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுக்கே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசத் தொடங்கினர். மனத்துக்குள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டிய மாணவருக்கு இந்த மூன்று விநாடி இன்னும் அவசியம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிஞ்சுது மிஸ்" என்று ஒரே குரலில் சொல்லும். அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, முதலில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லி, பிறகு கேட்கலாம். பாடத்தின் முடிவில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில், இன்று புரியாத ஒன்றைப் பெயரின்றி எழுதித் தரச் சொல்லலாம். மறுநாள் அதிலிருந்தே வகுப்பைத் தொடங்கினால், தம்மைப் போலப் பலருக்கும் புரியவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும்.

### தவறைக் கையாளுதல்

மருந்தளவுக் கணக்கில் 0.5 மி.கி. என்பதற்கு 5 மி.கி. என்று ஒரு மாணவர் எழுதியிருந்தால் அது பத்து மடங்கு பிழை. அதைப் பூசி மெழுகக் கூடாது. பிழையைக் கடுமையாகவும் ஆளை மரியாதையாகவும் நடத்துவதே முறை. "இந்தப் புள்ளி எங்கே தவறியது, எல்லாரும் பார்ப்போம்" என்று கரும்பலகையில் பிழையை ஆராயலாம். எழுதியவரின் பெயர் அங்கே தேவையில்லை. ஆசிரியர் தாமே பயிற்சிக் காலத்தில் செய்த ஒரு பிழையைச் சொல்வதும் உதவும். பிழையை ஒப்புக்கொள்பவரே நல்ல செவிலியர் என்ற நம்பிக்கை அப்போதுதான் வேரூன்றும்.

### மூத்த மாணவர்களின் துணை

கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. "முதலாண்டில் எங்களுக்கும் இது நமக்கான இடமில்லை என்று தோன்றியது, போகப்போக மாறியது" என்ற மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் புதிய கல்லூரி மாணவர்கள் படித்து, அதைப் பற்றித் தாமும் எழுதினர். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சிதான். அதன் பயன், குறிப்பாகக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்களில், மூன்று ஆண்டுகள் வரை தெரிந்தது.

நம் கல்லூரிகளில் இதைச் செய்வது கடினமன்று. தமிழ் வழியில் படித்து, முதலாண்டில் தடுமாறி, இப்போது இறுதியாண்டில் நன்றாகப் படிக்கும் மூன்று நான்கு பேரை முதலாண்டு வகுப்பில் பேசச் செய்யலாம். ஆளுக்கொரு மூத்த மாணவரைத் துணையாகவும் அமர்த்தலாம். ஆனால் இது ராகிங்குக்குக் கதவு திறந்துவிடாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். 1996-இல் மருத்துவ மாணவர் பொன்.நாவரசு கொல்லப்பட்டதையடுத்து, 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. மூத்தவர் முன் கைகட்டி நிற்கச் செய்வது 'பழக்கப்படுத்துதல்' ஆகாது.

## வகுப்பறையிலிருந்து வார்டுக்கு

முதலாண்டில் நடக்கும் விளக்கேற்றும் விழாவில், மாணவர்கள் வெள்ளைச் சீருடையில் விளக்கேந்தி நைட்டிங்கேல் உறுதிமொழி எடுக்கிறார்கள். பெற்றோர் கண் கலங்குவார்கள். இப்பணிக்கு நான் உரியவள் என்ற எண்ணத்தைத் தருவதில் இச்சடங்குக்கு இடமுண்டு. மறுநாள் வார்டில் "ஸ்டூடண்ட்ஸா? அந்த ஓரமா நில்லுங்க" என்ற சொல் அதை அணைத்துவிடவும் கூடும்.

வார்டின் சூழலை ஆசிரியர் முழுவதும் மாற்ற முடியாது. ஆனால் இரண்டு காரியங்கள் அவர் கையில் உள்ளன. முதலாவது, வார்டுக்குப் போகும் முன் பத்து நிமிடம்: இன்று யார் எந்தப் படுக்கை, எதைச் செய்யலாம், எதைத் தனியே செய்யக் கூடாது, ஐயம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும். வேலை தெளிவாக இருந்தால் ஓரமாக நிற்க நேராது. இரண்டாவது, திரும்பி வந்தபின் பதினைந்து நிமிடம்: இன்று பார்த்ததில் மனத்தை உறுத்தியது என்ன? வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மரணத்தைக் கண்ட பதினெட்டு வயதுப் பெண், அதை யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போகக் கூடாது.

## எல்லைகளும் எச்சரிக்கைகளும்

ஒட்டுதல் என்பது சலுகை அன்று. மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுவதும், செய்முறையில் தவறியவரைத் தேற்றிவிட்டு அனுப்புவதும் மாணவருக்கும் நோயாளிக்கும் செய்யும் தீங்கு. "உன்னால் இதைச் சரியாகச் செய்ய முடியும், செய்யும்வரை உன்னோடு நிற்பேன்" என்று உயர்ந்த எதிர்பார்ப்பு வைப்பதே உண்மையான ஏற்பு.

ஒட்டுதலுக்கு ஒரு நிழல் பக்கமும் உண்டு. லெவட்-ஜோன்ஸ் குழுவினரின் 2009 கட்டுரை இதைக் காட்டியது. வார்டில் தம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, தவறு என்று தெரிந்த நடைமுறையையும் சில மாணவர்கள் பேசாமல் பின்பற்றினர். "சிஸ்டர், கை கழுவல" என்று சொன்னால் விலக்கிவிடுவார்களோ என்ற பயம். ஆகவே, மறுத்துப் பேசினாலும் இங்கே உனக்கு இடமுண்டு என்று காட்டாத ஒட்டுதல் குறையுடையது. ஒரு சாதிக் கும்பலுக்குள்ளும் ஒட்டுதல் இருக்கத்தான் செய்கிறது. பிறரை வெளியே நிறுத்தி உள்ளே சேர்த்துக்கொள்ளும் அந்த வகையை வகுப்பறை வளர்க்கக் கூடாது.

## ஆசிரியர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஒட்டுதல் குறைந்த மாணவர் பெரும்பாலும் தொல்லை தரமாட்டார். அமைதியாக இருப்பார். அதனாலேயே கண்ணில் படமாட்டார். கீழ்க்கண்டவை தொடர்ந்து தென்பட்டால் தனியே அழைத்துப் பேசுவது நல்லது:

- திங்கட்கிழமைகளில் அடிக்கடி விடுப்பு
- மதிய உணவைத் தனியே, அல்லது உண்ணாமலே கழிப்பது
- குழு வேலையில் எப்போதும் கடைசியாகச் சேர்க்கப்படுவது
- எழுத்தில் நன்றாக இருந்தும் வாய்மொழித் தேர்வில் முற்றிலும் மௌனமாவது
- "எனக்கு இந்தப் படிப்பு சரிப்படாது" என்ற பேச்சு

அழைத்தவுடன் அறிவுரை சொல்லத் தொடங்காமல், முதலில் கேட்பது முக்கியம். தேவைப்பட்டால் கல்லூரி ஆலோசகரிடம் அல்லது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

## மாணவர்களுக்கு

இதைப் படிக்கும் நீங்கள் முதலாண்டு மாணவராக இருக்கலாம். வகுப்பில் உங்களுக்கு மட்டும்தான் ஒட்டவில்லை என்று தோன்றலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித் தோன்ற வாய்ப்பு உண்டு. இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழில் கேளுங்கள். மதியம் தனியே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் உங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வையுங்கள்.

ஒரு நாள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ, ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி, பெரிய கட்டடத்தையும் புரியாத பேச்சையும் கண்டு மிரண்டு, "எனக்கு இங்க ஒண்ணுமே ஒட்டல தாயி" என்பார். ஒட்டாமல் இருப்பது எப்படி வலிக்கும் என்று அறிந்த செவிலியர் அன்று அவர் கையைப் பிடித்து, பெயர் கேட்டு, பக்கத்தில் உட்காருவார். வகுப்பறையில் தமக்குக் கிடைத்ததைத்தான் அவர் அங்கே கொடுப்பார்.